சுனாமிகா: துயரத்தில் பிறந்த துணிப்பாவை

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில், சுமத்ரா தீவினருகே கடலடியில் நேர்ந்த பூகம்பம் எழுப்பிய பேரலைகள் கார் நிக்கோபார், கச்சால் முதலிய தீவுகளில் ஊர் ஊராக வாரிக்கொண்டு போயின; அந்தப் பூகம்பத்தினாலேயே நம் தேசத்தின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்துபோக, அங்குள்ள கலங்கரை விளக்கம் கடல்நீருக்குள் நிற்கலாயிற்று. தீவுவாசிகளை நிர்க்கதியாக்கிய அதே அலைகள் சில மணி நேரத்திற்குள் தமிழகக் கரையையும் தாக்கின.

வீட்டையும் படகையும் இழந்தவர்களுக்கு அவற்றை மீண்டும் வாங்கித் தர சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் முன்வந்தன. ஆனால், தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட கடலே எமனாக வந்ததைக் கண்ணால் கண்ட மீனவப் பெண்களின் மனத்தில் குடியேறிய அச்சத்திற்கு எந்த நிவாரணத்தை அளப்பது? இந்தக் கேள்விக்கு 2005இல் ஆரோவில்லில் ஓர் எளிய விடை கிடைத்தது. அங்குள்ள உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தின் உமா பிரஜாபதி, சுற்றுவட்டாரக் கடலோரக் கிராமங்களின் பெண்களை ஒன்றுகூட்டி, வெட்டியது போக எஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு சிறு பாவைகள் செய்யப் பயிற்சியளிக்க ஏற்பாடு செய்தார். விரற்கடை அளவேயான அந்தப் பாவைக்குச் சுனாமிகா என்று பெயர் வந்தது.

விரல்நுனியில் அடங்கும் துணியைப் பிடித்து, நழுவும் நூலை இழுத்து முடிச்சிடும் வேலை கண்ணையும் கையையும் ஒருங்கே கோருவது. அதில் லயித்திருக்கும் வரையிலாவது நெஞ்சு அந்த நாளை விட்டு விலகியிருக்கும். பக்கத்தில் இருப்பவளும் அதே துக்கத்தைச் சுமப்பவளாதலால், கை ஓட ஓட வாயும் திறக்கும். பாவைக்கு விலை வைக்காமல், கேட்டவர்க்கெல்லாம் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். விரும்பியவர்கள் தந்த நன்கொடையே அந்தப் பெண்களின் ஊதியமாயிற்று. லட்சக்கணக்கில் அந்தப் பாவைகள் தேச தேசாந்தரங்களுக்குச் சென்றன. நேற்றுவரை நிவாரண வரிசையில் கையேந்தி நின்றவள், இன்று உலகத்திற்கே ஒன்றைக் கொடுப்பவளாக நிமிர்ந்தாள் என்பதே, என் மனத்திற்கு, இம்முயற்சியின் உயிர்நாடி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. சிலி நாட்டில் 1973ஆம் ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பறித்தபின், காணாமற்போன கணவரையும் பிள்ளைகளையும் தேடியலைந்த தாய்மார்கள், பேச்சுக்குத் தடையிருந்த காலத்தில், கந்தல் துணிகளைச் சாக்குத்துணியில் ஒட்டுத்தையலிட்டுச் சித்திரங்களாக்கினார்கள். வாய் சொல்ல முடியாத சாட்சியத்தை ஊசி சொல்லிற்று.

ஆகவே அந்தமானிலாகட்டும், நாகப்பட்டினத்திலாகட்டும், ஆபத்துக்காலத்தில் அரிசியும் கூரையும் கொடுப்பதோடு கடமை தீர்ந்துவிட்டதென்று நாம் கருதலாகாது. தாழை ஓலையில் பாய் முடையும் நிக்கோபார்ப் பெண்ணுக்கும், பழம்புடவைகளை அடுக்கி நுண்தையலிட்டுக் காந்தா விரிப்பாக்கும் மரபுடைய கிழக்கு வங்கத்திலிருந்து 1949 முதல் அகதிகளாக அந்தமான் தீவுகளில் குடியேறியவர்களின் சந்ததிக்கும் கைவேலை புதிதன்று. அந்தக் கைகளுக்கு வேண்டிய ஓலையும் துணியும் நூலும், அரிசி மூட்டையோடு சேர்ந்தே, முதல் வாரத்திலேயே முகாமுக்குப் போய்ச் சேரவேண்டும்.