வெரோனாவின் கல்படிகளில் ஓர் ஓபரா

கோடை வந்ததும் ஐரோப்பியப் பெருநகரங்களின் ஓபரா அரங்குகள் பலவும் விடுமுறை விட்டுவிடும். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சிற்றூர்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் கிளம்பிவிடுவார்கள். அது கோடை விழாக்களின் காலம். ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 1876இல் இசையமைப்பாளர் வாக்னர் தன் படைப்புகளுக்காகவே தொடங்கிய விழா இன்றும் நடக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழா 1920இலும், இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழா 1934இலும் தொடங்கியவை. கிளைண்ட்போர்னில் இடைவேளையே ஒன்றரை மணி நேரம். மாலை விருந்துக்கான உடையில் வந்தவர்கள் புல்வெளியில் விரிப்பு போட்டுச் சாப்பிடுவார்கள்.

ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓபரா பார்க்கப் போகிறவருக்கு இந்த மூன்றுமே ஏற்றவை அல்ல. பைராய்ட் வாக்னரில் ஊறியவர்களின் ஊர். மற்ற இரண்டிலும் நல்ல இடம் வேண்டுமென்றால் பணப்பை கனமாக இருக்க வேண்டும். முதல் பயணத்துக்கு உகந்த ஊர் வடக்கு இத்தாலியின் வெரோனாதான்.

அங்கே ஓபரா நடப்பது கூரையில்லாத ரோமானிய வட்டரங்கில். கி.பி. முதல் நூற்றாண்டில், வாள் வீரர்கள் மோதிக்கொள்வதற்காகக் கட்டியது. 1117இல் வந்த நிலநடுக்கத்தில் வெளிச்சுற்றுச் சுவர் இடிந்தது. அதில் மிஞ்சியவை நான்கு வளைவுகள் மட்டும். உள்ளே கல்படிகள் அப்படியே இருக்கின்றன. 1913இல், இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டியின் நூற்றாண்டு நினைவாக ஏதாவது செய்ய விரும்பினார் உள்ளூர்ப் பாடகர் ஜொவான்னி செனத்தெல்லோ. அரங்கின் ஒலித்தன்மையைச் சோதித்துப் பார்த்தார்கள். நடுவில் நின்று பாடினால் மேல்படிவரை கேட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி வெர்டியின் ‘ஐடா’ அங்கே அரங்கேறியது. இரண்டு உலகப் போர்களின்போது நின்றுபோனாலும் விழா மறுபடி மறுபடி எழுந்துவந்தது. 2023இல் நடந்தது நூறாவது விழா. பாடகி மரியா காலாஸ் இத்தாலியில் முதன்முதலாகப் பாடியதும் இந்த மேடையில்தான், 1947இல்.

பயணத் திட்டத்தைத் தேதியிலிருந்து அல்ல, கதையிலிருந்து தொடங்க வேண்டும். விழா ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும். பெரும்பாலும் அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு ஓபரா. மூன்று இரவு தங்கினால் மூன்று ஓபரா பார்த்துவிடலாம். இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு மேடைக்குப் பின்னால் இடம் கிடையாது. அதனால் பகலில் அரங்கை ஒட்டிய பிரா சதுக்கத்தில் எகிப்திய ஸ்பிங்ஸ் சிலைகளும் சீன அரண்மனைத் துண்டுகளும் வெயிலில் கிடக்கும். கிரேன் வைத்து அவற்றை உள்ளே இறக்குவார்கள். இதை வேடிக்கை பார்க்கக் கட்டணம் இல்லை. ஒரு பகலை இதற்கென்றே ஒதுக்கலாம்.

எந்த ஓபரா? முதல் தடவைக்கு ‘ஐடா’வையோ பிசேயின் ‘கார்மென்’னையோ தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டும் பெருங்கூட்டமும் ஊர்வலமும் உள்ளவை. அந்தப் பிரம்மாண்ட மேடைக்கு அவை பொருந்தும். ‘ஐடா’வின் கதை இது: எகிப்தில் அடிமையாக இருக்கும் எத்தியோப்பிய இளவரசி ஒருத்தி, தன் நாட்டுப் படையை எதிர்த்துப் போரிடும் தளபதியையே காதலிக்கிறாள். அவனை எகிப்திய மன்னன் மகளும் விரும்புகிறாள். இவ்வளவு தெரிந்தாலே பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கேட்க ஆரம்பிக்க வேண்டும். நான்கு அங்கத்தையும் ஒரே மூச்சில் கேட்பது வீண். ஒரு வாரத்துக்கு ஓர் அங்கம், பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு. ஏற்கெனவே காதில் ஏறிய மெட்டு அங்கே ஆயிரக்கணக்கானோர் நடுவே எழும்போது உடம்பு சிலிர்க்கும். தயாரிப்பில்லாமல் போகிறவர்களுக்கு வெறும் காட்சிதான் மிஞ்சும். பயணத்துக்கான செலவுகளில் இந்தக் கேட்கும் நேரம்தான் ஆகப் பயனுள்ளது.

அடுத்தது இருக்கை. கீழே மேடைக்கு எதிரே நாற்காலிகள். மேலே சுற்றிலும் கல்படிகள். முன்வரிசை நாற்காலிக்குச் சில நூறு யூரோ ஆகும். கல்படிக்கோ அதில் ஒரு சிறு பங்குதான். கல்படியையே வாங்குங்கள். அங்கிருந்து பார்த்தால் மேடை முழுவதும், வாத்தியக் குழுவும், எதிர்ப்புறக் கூட்டமும், மேலே வானமும் ஒன்றாகத் தெரியும். பகலெல்லாம் காய்ந்த கல் இரவிலும் சூடாகவே இருக்கும், கடினமாகவும் இருக்கும். வாடகைக்கு மெத்தை கிடைக்கும். டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கிறதா என்று கவனித்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத இடம் என்றால் முந்தி வருபவருக்கே நல்ல படி. கண்ணாடிப் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள். கீழ் நாற்காலிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நன்றாக உடுத்திக்கொள்வது வழக்கம், படியில் எளிய உடை போதும்.

நிகழ்ச்சி இரவு ஒன்பது மணியை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன் ஒருவர் மேடைக்கு வந்து பெரிய வெண்கலத் தட்டை ஓங்கி அடிப்பார். இருட்டும் வேளையில் படிகளில் சின்னச் சின்ன மெழுகுவத்திகள் எரியும். அது பழைய மரபு.

மழையை மறக்கக் கூடாது. ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சமவெளியில் கோடை இடிமழை சாதாரணம். இரண்டு துளி விழுந்தாலே வயலின்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். நனைந்தால் மரமும் பசையும் கெடும் அல்லவா? கூட்டம் மட்டும் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கும். தொடங்குவதற்கு முன்பே ரத்தானால் பணம் திரும்பும், பாதியில் நின்றால் திரும்பாது என்பதுதான் பல காலமாக இருந்துவரும் விதி. டிக்கெட் வாங்கும்போது அந்த ஆண்டின் விதியைப் படித்துவிடுங்கள். இதற்காகவே ஓர் இரவு கூடுதலாகத் தங்குவது புத்திசாலித்தனம்.

மிலானிலிருந்தும் வெனிஸிலிருந்தும் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் வெரோனா வந்துவிடலாம். அதை நம்பி அந்த ஊர்களில் அறை எடுப்பது பலர் செய்யும் பிழை. நிகழ்ச்சி முடிய நள்ளிரவு தாண்டும், அதற்குமேல் திரும்ப ரயில் கிடைப்பது அரிது. வெரோனாவிலேயே, அரங்குக்கு நடக்கும் தூரத்தில் தங்குங்கள். சதுக்கத்து உணவகங்கள் அந்நேரத்திலும் திறந்திருக்கும். சைவர்கள் ரிசொட்டோ என்னும் அரிசி உணவைக் கேட்கும்போது எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று விசாரிப்பது நல்லது. பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்குத் தள்ளக் கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். விழாவின் நிகழ்ச்சி நிரல் பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிடும். எந்த இரவில் யார் பாடுகிறார் என்பது மாறும் என்பதால் தேதிவாரியாகப் பாருங்கள். டிக்கெட்டை அரங்கின் அதிகாரபூர்வ விற்பனையிலேயே வாங்குங்கள்.