பங்கு சட்டத்தில் இருக்கு... பெயர் பட்டாவில் இருக்கா? மகள்களின் நிலம் நழுவும் இடம் இதுதான்!

ஒரு சின்னக் கணக்கு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த நிலம் 3 ஏக்கர். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய பெற்றோரும் உயிருடன் இல்லை. வீட்டில் அம்மா, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள். மகளுக்கு எவ்வளவு வரும்?

புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலை பக்கம் இருக்கும் ஆவூரில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேசு சபைப் பாதிரியார்கள் வந்து தங்கிய ஊர் அது. பெரியநாயகி மாதா கோயிலால் பெயர்பெற்றது. இந்துக் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர்களில் வரப்பு ஒன்றுதான். ஆனால், வாரிசுச் சட்டம் வேறு வேறு.

இந்துக் குடும்பம் என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆளுக்கு 75 சென்ட். கிறிஸ்தவக் குடும்பம் என்றால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1 ஏக்கர். மீதி 2 ஏக்கர் மூன்று பிள்ளைகளுக்கும் சமம். மகளுக்கு 66 சென்ட்டுக்குச் சற்று மேல் வரும். கணக்கு மாறினாலும் இரண்டிலும் மகன், மகள் வித்தியாசம் இல்லை. (இஸ்லாமியக் குடும்பங்களில் ஷரியத் முறைப்படி மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு.)

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களை நிர்வகிப்பவர்களில் 100-க்கு சுமார் 14 பேர்தான் பெண்கள். களை எடுப்பதும் நாற்று நடுவதும் பெண்கள். கடலை ஆய்வதும் பெண்கள். காகிதத்தில் மட்டும் அவர்களைக் காணோம். எங்கே நழுவுகிறது அந்தப் பெயர்?

வரி கேட்ட காகிதம்

பதிலைத் தேட, பட்டா எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 'இந்த நிலம் யார் குடும்பத்துக்குச் சொந்தம்' என்று சொல்வதற்காக அது வரவில்லை. 'இந்த நிலத்துக்கு யார் தீர்வை கட்டுவார்' என்று சர்க்கார் தெரிந்துகொள்ளவே வந்தது.

1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணைக்கப்படும்வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அங்கே ஒரு காலத்தில் அமானி முறை இருந்தது. களத்து மேட்டில் விளைச்சலை சர்க்காரும் குடியானவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில், அது பணமாகக் கட்டும் தீர்வையானது. இனாம் நிலங்களும் ஒழுங்குபடுத்தப்பட்டன. பிறகு தமிழக அரசு 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்களைக் கொண்டுவந்து, மிச்சமிருந்த இனாம்களையும் ரயத்துவாரி பட்டாவுக்குள் கொண்டுவந்தது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர் அரசு பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில், 1979-ல் தொடங்கி 80-களின் பிற்பகுதிவரை யு.டி.ஆர் எனப்படும் நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. இன்று நம் கையில் இருக்கும் பட்டாக்களுக்கு அதுதான் அடிப்படை. கூட்டுக் குடும்ப நிலம் மூத்த அண்ணன் பெயரில் மட்டும் பதிவானது போன்ற 'யு.டி.ஆர் பிழை'களைத் திருத்தக் கேட்டு இன்றும் மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

ராஜா காலம், கர்ணம் காலம், வி.ஏ.ஓ காலம், இப்போது செல்போன் காலம். கேட்கும் ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை: "தீர்வை யார் கட்டுறா?" வீடுகளிலிருந்து வந்த பதிலும் பெரும்பாலும் மாறவில்லை. வீட்டு ஆம்பளை பெயர்தான்!

பெயர் இல்லாவிட்டால் என்ன?

"பெயர்ல என்ன இருக்கு, அண்ணன்தானே பார்த்துக்கிறான்" என்று தோன்றலாம். ஆனால், இன்று அரசு ஒருவரை விவசாயி என்று அடையாளம் காண்பதே அந்தப் பெயரை வைத்துத்தான். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம் கிசான் திட்டம் நிலப்பதிவில் உள்ள பெயரைக் கேட்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவும் பயிர்க்காப்பீடு செய்யவும் சிட்டா, அடங்கல் வேண்டும். சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுத்தால் நோட்டீஸ் முதலில் போவது பதிவில் உள்ள பெயருக்குத்தான். விவசாயிகளுக்குத் தரப்படும் தனி அடையாள எண்ணும் நில விவரத்தோடு இணைக்கப்படுகிறது.

கணவர் இறந்தபின் வயலை உழுது பார்க்கும் ஒரு பெண், மாமனார் பெயரிலேயே பட்டா கிடந்தால், அரசின் கண்ணுக்கு விவசாயி அல்ல. வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டையில், மழை பொய்த்த வருஷம் நிவாரணப் பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் சின்ன விஷயம் இல்லை.

சட்டம் வந்த வழி

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தருவதில் தமிழ்நாடு முந்திக்கொண்ட மாநிலங்களில் ஒன்று. 1989 மார்ச் 25 முதல் அந்த உரிமை இங்கே வந்தது. ஆனால், அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்துக்கு, 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 'தேவையில்லை' என்று முடிவு சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்து முடிந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது.

இவ்வளவு வந்தபிறகும் பங்கு நழுவும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். அப்பா இறந்த சில மாதங்களில், "ஒரு கையெழுத்துதான்மா" என்று விடுதலைப் பத்திரம் நீட்டப்படும். போட்ட நகையும் செய்த சீரும் கணக்கில் வரும். பொறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற பயம் வரும். விரும்பி விட்டுக்கொடுப்பது ஒவ்வொருவரின் முடிவு. ஆனால், 75 சென்ட்டின் இன்றைய மதிப்பு என்ன என்று தெரியாமல் போடும் கையெழுத்தை விட்டுக்கொடுத்தல் என்று சொல்ல முடியுமா? பதிவான பத்திரத்தைப் பின்னால் ரத்து செய்வது லேசான காரியம் இல்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ருவாண்டாவில் 1999-ல் மகனுக்கும் மகளுக்கும் சம வாரிசுரிமை தந்தார்கள். அதோடு நிற்காமல், 2009-க்குப் பிறகு நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளை அளந்து, சட்டப்படி திருமணமான கணவன், மனைவி இருவர் பெயரையும் பதிந்தார்கள். எத்தியோப்பியாவின் அம்ஹாரா மாநிலத்தில் நிலச் சான்றிதழில் இருவரின் புகைப்படமும் ஒட்டப்பட்டது. சட்டத்தை எழுதியதோடு காகிதத்தின் படிவத்தையும் மாற்றியதுதான் அங்கே நடந்தது.

நம் ஊரிலும் முயற்சிகள் உண்டு. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண்கள் நிலம் வாங்க, தாட்கோவின் 'நன்னிலம்' திட்டம் நில மதிப்பில் 50 சதவிகிதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. ஆனால், இரண்டுமே புதிதாக வாங்கும் நிலத்துக்கு. அப்பாவிடமிருந்து வரும் நிலத்துக்கு வாரிசுகள்தான் நடக்க வேண்டும்.

நடக்க வேண்டிய வழி

* தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இலவசமாகப் பார்க்கலாம்.

* இறந்தவர் பெயரில் இருந்தால், முதலில் வட்டாட்சியர் அலுவலகம் மூலம் வாரிசுச் சான்றிதழ். அதில் எல்லா மகள்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

* பாகம் பிரிக்காவிட்டாலும் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பிரித்துவிட்டால் நில அளவர் வந்து உட்பிரிவு செய்தபின் தனிப் பட்டா.

* பெயர் விடுபட்டால் வட்டாட்சியரிடம் மனு, அடுத்து கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, பிறகு மாவட்ட வருவாய் அலுவலர். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம்.

* பட்டா மட்டுமே உரிமைக்கு முழு ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உரிமையிலேயே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான் வழி. செலவுக்குப் பயந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

90-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். கல்குவாரிகளில் கூலிக்கு உடைத்தவர்கள், அந்தக் குவாரிகளையே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் இதே மாவட்டத்தில்தான். அன்று படிக்கக் கற்ற எழுத்துக்கு இன்று ஒரு வேலை இருக்கிறது. வீட்டுப் பட்டாவை எடுத்து, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். விடுபட்ட பெயர் எது என்று வீட்டில் எல்லோருக்குமே தெரியும்.