'பூஜ்யம் முடிவுகள்' என்றால் புத்தகம் இல்லை என்று அர்த்தமா?

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பட்டியலில் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' நூலைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது 'சரித்திரம்' என்பதை நம்ம கை தானாகவே 'எஸ்' போட்டுத்தான் தொடங்கும். முடிவுகள்: பூஜ்யம். சரி, இங்கே இல்லைபோல என்று போய்விடுவோம். புத்தகம் அலமாரியிலேயே இருக்கலாம்!

காரணம் இதுதான். அங்குள்ள நூலகங்கள் பொதுவாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் தமிழ்ப் பெயர்களைப் பதிகின்றன. அதில் 'ச' வந்தால் எப்போதும் 'சி' என்ற ஆங்கில எழுத்துதான். 'ழ'வுக்கு நாம் போடும் 'இசட் எச்' கிடையாது. அடிக்கோடு போட்ட 'எல்'. ஆக, சரித்திரம், சோழர், சாமிநாதையர் எல்லாமே 'சி'யில் தொடங்கும். பட்டியலிடுபவருக்கு இது ஒழுங்கான முறை. ஆனா தேட வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

தமிழிலேயே அடித்தால் தப்பிக்கலாமா? பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது. இருந்தாலும் வேறு சிக்கல்கள். 'தமிழ்ச் சிறுகதை', 'தமிழ் சிறுகதை' இரண்டும் நமக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடு சொன்னாலும், மென்பொருள் அதைக் கவனிக்காவிட்டால் தேடல் தோற்றுவிடும்.

அப்போ இயல்புநிலைத் தேடல், அதாவது நாம் எந்த அமைப்பையும் தொடாமல் நடக்கும் தேடல், எப்படி இருக்கணும்?

1. ஒரே பெட்டி. தலைப்பு, ஆசிரியர், பொருள் எல்லாவற்றிலும் தேடட்டும்.
2. மேற்குறி, அடிக்கோடு, ஒற்று மிகுதல் போன்றவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். 'எஸ்'ஸும் 'சி'யும் ஒன்றாகவே பொருந்தட்டும்.
3. எல்லாச் சொற்களும் பொருந்தும் நூல்கள் மேலே. தளர்வாகப் பொருந்துபவை கீழே.
4. சொல்லை மாற்றித் தேடியிருந்தால் அதை வாசகரிடம் சொல்லிவிட வேண்டும்.
5. அச்சு அசலாகத் தேடணும் என்பவர் மேற்கோள் குறி போட்டுக்கொள்ளட்டும்.

இப்படித் தளர்த்தினால் தேவையில்லாத நூல்களும் வருமே என்று கேட்கலாம். வரும்தான். ஆனால் கூடுதலாக வந்தது கண்ணுக்குத் தெரியும், தாண்டிப் போய்விடலாம். விட்டுப்போனது தெரியவே தெரியாது. அதனாலதான் கெடுபிடி, கேட்பவருக்கு மட்டும் இருக்கட்டும் என்கிறேன்.