கிடாவில் கறி எத்தனை கிலோ? கண் மதிப்பு வேண்டாம், டேப் போதும்

(வானொலி உழவர் உரை)



ஆடி மாதம் கடைசி வெள்ளி என்றால் நம் பக்கத்து ஜனங்களுக்கு இருக்கன்குடி நினைவுதான். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். ஆற்று மணலில் கூடாரம் அடித்து, பொங்கல் வைத்து, நேர்ந்துவிட்ட கிடாவை வெட்டி, சொந்தபந்தங்களுக்கு இலை போடுவார்கள். அந்த நேரத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "இந்தக் கிடாவில கறி எவ்வளவு தேறும்?"

ஒருவர் பன்னிரண்டு கிலோ என்பார். இன்னொருவர் இருபது தேறும் என்று சத்தியம் பண்ணுவார். விருந்துக்கு அழைத்தவர் இரண்டையும் நம்பி நூறு பேருக்குச் சொல்லிவிட்டு, கடைசிப் பந்திக்குக் குழம்பு மட்டும் ஊற்றுவார். இது மானப் பிரச்சினையோடு போய்விடும். ஆனால் இதே கணக்குத் தெரியாமல் ஆட்டை விற்கிறவருக்குப் போவது பணம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

கைவிட்டுப் போன மூவாயிரம்

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. சாத்தூர் பக்கத்துக் கரிசல் கிராமம். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். வீட்டில் இரண்டு கன்னி ஆட்டுக் கிடா வளர்த்தார். மகளுக்குக் காலேஜில் பணம் கட்ட வேண்டும். ஆடிக்கு முன்னால் வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார். கிடாவை இடுப்பில் ஒரு பிடி பிடித்துப் பார்த்தார்.

"என்னக்கா, கால்தான் நீளமா இருக்கு. கறி பத்துக் கிலோ தாண்டாது. ஒண்ணு ஏழாயிரம்னு ரெண்டுக்கும் பதினாலாயிரம் வச்சுக்கோங்க."

"கூடக் கொஞ்சம் போட்டுக் குடுங்க அண்ணாச்சி, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்."

"ஃபீஸுக்கும் கறிக்கும் என்னக்கா சம்பந்தம்?"

அதோடு பேச்சு முடிந்தது. வியாபாரி பொய் சொன்னாரா என்பது கிடக்கட்டும். அந்த அம்மாவிடம் மறுத்துப் பேச ஒரு எண் இல்லை. அதுதான் விஷயம். அந்தக் கிடாக்களின் அளவை வைத்துப் பிறகு நாங்கள் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கையே இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உயிர் எடை

தையற்காரர் வைத்திருக்கிற இஞ்சு டேப் போதும். அது இல்லையென்றால் ஒரு சணல் கயிற்றால் அளந்து, கயிற்றை அடிக்கோலில் வைத்துப் பார்க்கலாம். ஆட்டைச் சமதரையில், நாலு காலும் ஊன்றி, தலை நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முன்னங்கால்களை ஒட்டிப் பின்பக்கமாக, நெஞ்சைச் சுற்றி டேப்பைக் கொண்டு வாருங்கள். இது நெஞ்சுச் சுற்றளவு. டேப் தோலோடு படிய வேண்டும். இறுக்கி அமுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. அடுத்தது நீளம். முன்பக்கம் தோள் எலும்பின் முனையிலிருந்து, பின்பக்கம் வாலடியில் துருத்துகிற எலும்பு முனை வரைக்கும் பக்கவாட்டில் அளக்க வேண்டும். கழுத்தையும் தலையையும் சேர்க்கக் கூடாது.

சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்குங்கள். வந்ததை நீளத்தால் பெருக்குங்கள். அதை 660 ஆல் வகுங்கள். வருவது கிலோ.

அந்த அம்மாவின் கிடாவுக்குச் சுற்றளவு 28 அங்குலம், நீளம் 26 அங்குலம். 28 பெருக்கல் 28 என்றால் 784. அதை 26 ஆல் பெருக்கினால் 20,384. 660 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 31 கிலோ.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். சுற்றளவை 28 க்குப் பதிலாக 29 என்று தப்பாகப் பார்த்துவிட்டால் எடை 33 கிலோ ஆகிவிடும். ஒரு அங்குலம் பிசகினால் இரண்டு கிலோ பிசகு. அதனால் மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கவனமாக அளந்தாலும் பத்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம். சிறு குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் இந்தக் கணக்குச் சரிப்படாது.

தராசு இருந்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. ஆள் ஏறி நிற்கிற எடை மெஷினில் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை நின்று கழித்துக்கொள்ளலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தொங்கு தராசு வாங்கிவைத்தால் ஊருக்கே உதவும்.

இரண்டாவது படி: எடையில் கறி எத்தனை பங்கு?

31 கிலோ ஆட்டில் 31 கிலோ கறி இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். தலை, கால், தோல், குடல், ரத்தம், இரைப்பையில் கிடக்கிற தீனி எல்லாம் போக, கொக்கியில் தொங்குகிற உடல்தான் எலும்போடு சேர்ந்த கறி. நம் ஆடுகளில் இது உயிர் எடையில் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருக்கும்.

நாற்பதா ஐம்பதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வியாபாரி இடுப்பைப் பிடித்துப் பார்த்தாரே, அதில்தான் சூட்சுமம். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகுத் தண்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். எலும்பு ரம்பப் பல் மாதிரி குத்தினால் மெலிந்த ஆடு. நூற்றுக்கு 40 தான். எலும்பு தட்டுப்படுகிறது, ஆனால் மொழுக்கென்று இருக்கிறது என்றால் 45. நன்றாக அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் 48, 50 கூட வரும்.

கன்னி ஆடும் கொடி ஆடும் உயரமானவை. பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். முழங்காலுக்குக் கீழே கறி கிடையாது. கறி இருப்பது தொடையிலும் முன்சப்பையிலும் முதுகிலும்தான். வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு வைத்திருக்கிறவர்களும் உயரத்தைப் பார்த்து விலை சொல்ல வேண்டாம். முதுகைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

வயிற்றைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. மேய்ந்து வந்த ஆட்டின் வயிற்றில் தீனியும் தண்ணீருமாகப் பல கிலோ கிடக்கும். சந்தையில் சிலர் உப்புத் தண்ணீர் குடிக்க வைத்து வயிறு உப்பக் கொண்டுவருவதும் உண்டு. வாங்குகிறவர்கள் தராசு எடையை மட்டும் நம்பினால் தண்ணீருக்கும் கறி விலை கொடுக்க வேண்டிவரும். நெஞ்சைச் சுற்றி அளக்கிற டேப் இந்தத் தந்திரத்துக்கு அவ்வளவாக ஏமாறாது.

நம் கிடா நடுத்தரம். 31 கிலோவில் நூற்றுக்கு 45 என்றால் 14 கிலோ. வியாபாரி சொன்னதோ பத்து.

மிச்சமும் பணம்தான்

கறி 14 கிலோ போக, தலை சுமார் 2 கிலோ. நாலு காலும் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஈரல் அரைக் கிலோவுக்கு மேல். நுரையீரல், இருதயம், சுவரொட்டி, கழுவிய குடல், ரத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் கடையில் ஆள் உண்டு. தோல் இரண்டரைக் கிலோ இருக்கும். அதன் விலை நிலையில்லாதது, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

அன்று அந்த வட்டாரத்தில் கறி கிலோ 800 ரூபாய். 14 கிலோவுக்கு 11,200 ரூபாய். தலை, கால், ஈரல், குடலுக்குக் குறைத்துப் போட்டாலும் 1,500. ஆக 12,700 ரூபாய். வியாபாரிக்கு வண்டி வாடகை, வெட்டுக்கூலி, விற்காமல் தங்குகிற கறி, அவருடைய லாபம் எல்லாம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. அதற்கு 2,700 விட்டாலும் கிடா 10,000 பெறும். அந்த அம்மா வாங்கியது 7,000. ஒரு கிடாவுக்கு மூவாயிரம், இரண்டுக்கு ஆறாயிரம் கைவிட்டுப் போயிற்று. ஒரு வருஷம் தழை ஒடித்துப் போட்ட கூலி அது.

கந்தக பூமியில் ஆடு என்பது வீட்டு உண்டியல் மாதிரி. தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ் மூடிக் கிடக்கிற நாளில் ஆட்டை விற்றுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அவசரத்துக்கு விற்கிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவை. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனாலும் சரி, வீட்டு வாசலில் விற்றாலும் சரி, முதல் நாள் ராத்திரியே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது உங்கள் மனசிலும் ஒரு எண் இருக்கட்டும்.

விருந்துக்கு எத்தனை இலை?

கோயிலுக்கு நேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 14 கிலோ கறியில் கால் பங்கு எலும்பு. மீதி பத்தரைக் கிலோ. வேகும்போது நீர் வற்றி மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆக ஏழு கிலோ வெந்த கறி. ஆளுக்கு 100 கிராம் என்றால் 70 இலை. சுருக்கமாகச் சொன்னால், ஆளுக்குப் பச்சைக் கறி 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடல் குழம்பும் தலைக்கறியும் தனி. நூறு பேர் வருவார்கள் என்றால் 20 கிலோ கறி வேண்டும். ஒரு கிடா போதாது.

வெட்டுவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் காட்டுங்கள். குடல் சுத்தம் செய்வது சுலபம், கறியும் அசுத்தப்படாது. குடற்புழு மருந்தோ ஊசியோ போட்டிருந்தால், அந்த மருந்துக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டு, அத்தனை நாள் கழித்தே வெட்ட வேண்டும். திடீரென்று செத்த ஆட்டை எக்காரணம் கொண்டும் அறுக்காதீர்கள். அடைப்பான் நோயாக இருந்தால் அறுக்கிறவருக்கே ஆபத்து.

மேல்நாடுகளில் வேட்டைக்காரர்கள் மானின் நெஞ்சுச் சுற்றளவை அளந்துதான் எடையும் கறியும் கணக்கிடுகிறார்கள். நமக்கு அந்த வேலை இல்லை. 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். ஆனால் அவர்கள் காட்டு மிருகத்துக்குச் செய்கிற அளவை, நாம் சொந்தமாக வளர்த்த ஆட்டுக்காவது செய்யலாம் அல்லவா?

அந்த அம்மா இப்போது வீட்டு நிலைக்கதவில் ஒரு இஞ்சு டேப் தொங்கவிட்டிருக்கிறார். அடுத்து வந்த வியாபாரி, "கறி பதினொண்ணுதான் தேறும்க்கா" என்று ஆரம்பித்தாராம். "அளந்து பார்ப்போமா அண்ணாச்சி?" என்று இவர் டேப்பை எடுத்தாராம். அதற்குப் பிறகு பேச்சு ஒன்பதாயிரத்தில்தான் தொடங்கியது.

சுற்றளவு பெருக்கல் சுற்றளவு, பெருக்கல் நீளம், வகுத்தல் 660. வருவதில் நூற்றுக்கு 45 கறி. தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.