வெள்ளியில் எழுதிய வம்ச வரலாறு

நூறு வருடத்துக்கு முந்தைய கல்யாணப் படங்களில் மணப்பெண் கறுப்புச் சேலை கட்டியிருப்பதுபோல் தெரியும். நெற்றிப் பொட்டும் கறுப்பாக இருக்கும். தமிழ்க் கல்யாணத்தில் பொதுவாகக் கறுப்புக்கு இடமில்லை. அந்தச் சேலை அரக்குச் சிவப்பாகத்தான் இருந்திருக்கும், பொட்டு குங்குமம்தான். அப்படியானால் படத்தில் சிவப்பு ஏன் கறுப்பானது? அந்தக் காலத்துக் கேமராவின் கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது என்பதே காரணம்.

ஒளிப்படத் தகட்டில் பூசப்பட்டிருப்பது வெள்ளியின் உப்பு. நீலம், ஊதா, புற ஊதா ஒளிகள் மட்டுமே அதில் இயல்பாகப் பதியும். சில சாயங்களைச் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று 1873-ல் ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் வோகல் கண்டுபிடித்தார். சிவப்பையும் பதியவைக்கும் ‘பான்குரோமாட்டிக்’ தகடு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விற்பனைக்கு வந்தது. அது பரவலாக 1920-கள் ஆயின. அதுவரை சிவப்பெல்லாம் இருட்டாக விழுந்தது. நீல வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது.

மாநிறத் தோல் சிவப்பு ஒளியைக் கூடுதலாகவும் நீலத்தைக் குறைவாகவும் திருப்பி அனுப்பும். மஞ்சள் பூசிய முகம் நீலத்தை இன்னும் அதிகமாக விழுங்கும். அதனால் நம் முன்னோர் அந்தப் படங்களில் நிஜத்தைவிட ஒரு படி கறுத்தே விழுந்தார்கள். பிறகு ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின்மேல் கூரான பென்சிலால் ‘டச்சிங்’ செய்து முகத்தை வெளுப்பாக்கியும் கொடுத்தார். கொள்ளுப்பாட்டியின் நிறம் என்ன என்பதற்கு அவருடைய படம் சாட்சியாகாது.

பழைய ஆல்பத்தைத் திறந்ததும் ‘இது யார்?’ என்றுதான் கேட்கிறோம். ‘இது எதனால் ஆனது?’ என்று முதலில் கேட்டால் குடும்ப வரலாற்றின் பல கதவுகள் திறக்கும். தாளும் வெள்ளியும் காலத்தைச் சொல்லும். பெயரைச் சொல்ல மனிதர்கள்தான் வேண்டும்.

ஒரே வெள்ளி, இரண்டு நிறம்

கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் கறுப்பு, மை அல்ல, உலோக வெள்ளி. வெள்ளி உப்பின் ஒரு நுண்படிகத்தில் ஒளி பட்டதும் அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாது. டார்க் ரூமில் டெவலப்பரில் போட்டதும், அந்தச் சில அணுக்களைத் தொடக்கமாகக் கொண்டு படிகத்தில் உள்ள கோடிக்கணக்கான வெள்ளி அயனிகள் உலோகமாக மாறுகின்றன. ஒளி படாத மிச்ச உப்பை ‘ஹைப்போ’ என்னும் மருந்து கரைத்து எடுத்துவிடுகிறது. ஹைப்போவின் இந்தக் குணத்தை ஆங்கிலேய அறிவியலர் ஜான் ஹெர்ஷல் 1819-லேயே அறிந்திருந்தார். ஒளிப்படம் பிறக்கும் முன்பே படத்தை நிலைநிறுத்தும் மருந்து தெரிந்திருந்தது.

அப்படியானால் மிகப் பழைய படங்கள் மட்டும் ஏன் பழுப்பாக இருக்கின்றன? வெள்ளித் துகளின் வடிவத்தில் விடை இருக்கிறது. டெவலப்பரில் பிறக்கும் வெள்ளி, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள்போல் சிக்கலான இழைகளாக வளரும். எல்லா நிற ஒளியையும் அது விழுங்குவதால் கறுப்பாகத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் டெவலப்பர் இல்லாமல், நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து வெயிலில் காயவைத்தே படம் எடுத்தார்கள். வெயில் நேரடியாக உண்டாக்கும் வெள்ளி மிக நுண்ணிய உருண்டைகளாக இருக்கும். அவை பழுப்பாகத் தெரியும்.

அப்படி வெயிலில் எடுத்த படங்களில் பெரும்பாலானவை முட்டை வெண்கரு பூசிய தாளில் எடுத்தவை. ‘ஆல்புமென்’ எனப்படும் இந்த முறையைப் பிரான்சின் பிளாங்கார்ட் எவ்ரார் 1850-ல் அறிமுகப்படுத்தினார்; 1890-கள்வரை உலகெங்கும் அதுதான் ஆட்சி செய்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தாளின் நார்கள் தெரியும். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் இருக்கும். வெளுத்த இடங்கள் மஞ்சளாகியிருக்கும். 1890-களுக்குப் பிறகு வந்த ஜெலட்டின் படங்களில் தாளுக்கும் வெள்ளிக்கும் நடுவே பேரியம் சல்பேட் பூச்சு இருப்பதால் நார் தெரியாது.

பழுப்பு என்றாலே மிகப் பழசு என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. பிற்காலத்தில் அழகுக்காகவே வெள்ளியைச் சல்பைடாக மாற்றிப் பழுப்பாக்கினார்கள். அப்படிச் செய்த படம் கறுப்புப் படத்தைவிட நீண்ட நாள் உழைக்கும்.

காலத்தைக் காட்டும் தடயங்கள்

ஆல்புமென் தாள் மெல்லியது, சுருளும். அதனால் கெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். அட்டை ஏறக்குறைய 6.3 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் இருந்தால் அது ‘கார்ட் தெ விசித்’. 1854-ல் பாரீசில் டிஸ்டெரி என்ற ஒளிப்படக்காரர் காப்புரிமை பெற்ற அளவு. 11 செ.மீ. அகலமும் 16.5 செ.மீ. உயரமும் இருந்தால் 1860-களில் வந்த ‘கேபினெட்’ அட்டை. இந்த இரண்டில் ஒன்று வீட்டில் கிடைத்தால் 19-ஆம் நூற்றாண்டையோ 20-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளையோ கையில் வைத்திருக்கிறோம் என்று கொள்ளலாம்.

அட்டையில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயரைக் கட்டாயம் படியுங்கள். மதராசில் நிக்கோலஸ், கொழும்பில் 1890-ல் தொடங்கிய பிளேட்டே, ரங்கூனில் கிளியர் என்று பெயர் பெற்ற ஸ்டூடியோக்கள் இருந்தன. காரைக்குடி வீட்டு ஆல்பத்தில் ரங்கூன் முத்திரையோ, யாழ்ப்பாணத்து வீட்டில் பினாங்கு முத்திரையோ கிடைத்தால், குடும்பத்தில் யார் கப்பலேறினார் என்ற கேள்விக்கு அங்கே ஒரு நுனி கிடைக்கிறது.

பின்பக்க ரப்பர் ஸ்டாம்பும் காலம் சொல்லும். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அந்த ஸ்டாம்ப் 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தையதல்ல. ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் 1969 ஜனவரியில் மாநிலம் தமிழ்நாடு ஆவதற்கு முன் செய்த ஸ்டாம்பாக இருக்க வேண்டும். ‘சிலோன்’ என்பது 1972 மே மாதத்தோடு ‘ஸ்ரீலங்கா’ ஆனது. பழைய ஸ்டாம்பை மாற்றாமல் சில வருடம் குத்திக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அதற்கும் இடம் விட்டுக் கணக்கிட வேண்டும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரப் படங்கள் பல வீடுகளில் இருக்கும். 120 ஃபிலிமில் ஒரு சுருளுக்கு 12 படம் எடுக்கும் ‘ஆக்ஃபா கிளிக் 3’ போன்ற கேமராக்களின் வேலை அது. ஸ்டூடியோ உடையையும் விறைப்பையும் விட்டுவிட்டு, நம் குடும்பங்கள் கிணற்றடியிலும் திண்ணையிலும் வயலிலும் சிரித்தபடி நின்றது இந்தச் சதுரங்களில்தான். 1967 முதல் ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சரக்கை இங்கேயே தயாரித்தது.

கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு இன்னொரு கருவி. 1950-களிலிருந்து போட்டோத் தாளில் வெண்மைகூட்டும் பொருளைச் சேர்த்தார்கள். இருட்டறையில் அந்த விளக்கைக் காட்டினால் அத்தகைய தாள் நீலவெள்ளையாக ஒளிரும். ‘1930-ல் எடுத்த படம்’ என்று வீட்டில் சொல்லும் படம் பளீரென்று ஒளிர்ந்தால், அது பிற்காலத்தில் எடுத்ததாகவோ பழைய நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் போட்ட பிரதியாகவோ இருக்க வேண்டும். ஒளிராத தாள் எல்லாம் பழையது என்று இதைத் திருப்பிச் சொல்ல முடியாது.

கலர் படத்தில் வெள்ளி மிஞ்சுவதில்லை. மஞ்சள், மெஜந்தா, சியான் என்னும் மூன்று சாயங்களே மிஞ்சும். 1970-களின் படங்களில் சியான் சாயம் இருட்டிலேயே வெளுத்துப்போவது வழக்கம். பீரோவுக்குள் பத்திரமாக இருந்த கல்யாண ஆல்பம் செவசெவ என்று மாறியிருப்பது அதனால்தான்.

ஸ்டூடியோவின் மொழி

தமிழ் ஸ்டூடியோ படங்களுக்கென்று தனி இலக்கணம் உண்டு. பூத்தைத்த சடை தெரியும்படி கண்ணாடி முன் பெண்ணை நிறுத்தி, முகத்தையும் பின்னலையும் ஒரே படத்தில் பிடித்தார்கள். வளைகாப்பும் பூப்புனித நீராட்டும் இந்தப் படம் இல்லாமல் முடியாது. ஆண் குழந்தைக்கு ஜடை பின்னிப் பாவாடை கட்டி எடுத்தார்கள். ஆல்பத்தில் சிறுமிபோல் இருப்பவர் தாத்தாவாகவும் இருக்கலாம். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றி உறவினர் நின்று எடுத்த படமும் பல குடும்பங்களில் உண்டு. வாழ்நாளில் ஒரு படம்கூட எடுக்காதவருக்கு அதுவே முதலும் கடைசியுமான படம். தனித்தனிப் படங்களை வெட்டி ஒட்டி, இறந்த கணவரையும் இருக்கும் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்தும் கொடுத்தார்கள்.

ஆகவே படத்தில் உள்ள மேஜைக் கடிகாரம், ரேடியோ, தடித்த புத்தகம் ஆகியவற்றைக் குடும்பச் சொத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை ஸ்டூடியோவின் உடைமையாக இருக்கலாம். ஒரே ஸ்டூடியோவில் எடுத்த மற்ற படங்களோடு ஒப்பிட்டால் அதே நாற்காலி, அதே திரை திரும்பத் திரும்ப வரும்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

படத்தைக் காட்டிக் கேட்டால் நினைவு துலங்கும் என்பதை ஜான் காலியர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1957-ல் ஆய்வு முறையாகவே முன்வைத்தார். வெறும் கேள்வியோடு நடந்த நேர்காணலைவிட, படம் காட்டி நடந்த நேர்காணலில் பதில்கள் துல்லியமாக இருந்தன.

ஆனால் நடக்காத ஒன்றின் நினைவையும் படம் உண்டாக்கும். நியூசிலாந்தில் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 20 பேருக்கு அவர்களுடைய சிறுவயதுப் படங்களோடு, வெப்பக்காற்றுப் பலூனில் பறப்பதுபோல் ஒட்டுவேலை செய்த ஒரு படமும் காட்டப்பட்டது. அப்படி ஒரு பயணம் நடக்கவே இல்லை. ஆனாலும் சில நேர்காணல்களுக்குப் பிறகு அவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பயணம் முழுதாகவோ கொஞ்சமாகவோ ‘நினைவுக்கு’ வந்தது.

எனவே ‘இது பெரியப்பாதானே?’ என்று கேட்காதீர்கள். ‘இது யாருங்க, எந்த வீட்டு வாசல் இது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இருவர் இருந்தால் தனித்தனியே கேளுங்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் அது வலுவான சான்று. முகத்தில் தொடங்காமல் மாடு, மரம், படிக்கட்டு, நகை என்று ஓரத்திலிருந்து தொடங்குங்கள். நகையைப் பார்த்து அது எந்த வருடம் அடகுக்குப் போனது என்று சொல்லும் பாட்டிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

எழுதிவைக்கும்போது ‘சித்தி’, ‘பெரியம்மா’ என்று நிறுத்திவிடாதீர்கள். எழுதியவர் போய்விட்டால் அது யாருக்குச் சித்தி என்று தெரியாது. முழுப்பெயர், யாருடைய மகள், எந்த ஊர், சொன்னவர் யார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காப்பாற்றும் வழி

வெள்ளியைத் தாளில் பிடித்துவைத்திருக்கும் ஜெலட்டின் ஒரு விலங்குப் புரதம். பூஞ்சைக்கு நல்ல தீனி. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். நம் கடற்கரை ஊர்களில் அது அன்றாட நிலை. வெள்ளிப் பாத்திரம் கறுப்பதற்குக் காரணமான கந்தகம் படத்தையும் மஞ்சளாக்கும். சரியாகக் கழுவப்படாத ஹைப்போவில் அதே கந்தகம்தான் இருக்கிறது. படத்தின் இருண்ட ஓரங்களில் தெரியும் நீலப் பளபளப்பு, வெள்ளி மேற்பரப்புக்கு ஏறி வந்ததன் அடையாளம். அதைத் துடைக்கக் கூடாது.

முதல் வேலை, ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்வது. பசைக்கோடும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பத்திலிருந்து படத்தை இழுப்பதற்கு முன், முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதும் செய்திதான். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய அந்தப் பசையைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. பின்பக்கம் எழுத மெல்லிய பென்சில் போதும். பால்பாயின்ட் பேனா அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். பரணும் சமையலறைச் சுவரும் படத்துக்கு ஆகாத இடங்கள்.

புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிடமும் குடும்பங்களிடமும் இருந்த பழைய படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்ட உதவியோடு மின்னுருவாக்கியிருக்கிறார்கள். ராஜாக்களும் கோயில்களும் மட்டும் வரலாறு அல்ல, திண்ணையில் நின்ற குடும்பமும் வரலாறு என்பதை ஏற்றுக்கொண்ட வேலை அது. ஆனால் எந்த நிறுவனமும் உங்கள் பாட்டியின் தங்கை பெயரைக் கண்டுபிடித்துத் தர முடியாது.

வெள்ளி நூறு வருடம் தாங்கும். பெயர் தெரிந்தவரின் ஆயுள் அவ்வளவு இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தில் மூத்தவர் பக்கத்தில் ஆல்பத்தோடும் பென்சிலோடும் உட்காருங்கள். ஸ்கேனரைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம். பெயர்களை முதலில் எழுதுங்கள்.