பேக்கப் முடிந்ததா? புரோகிராம் தெளிவாகச் சொல்லட்டும்!

அப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டோக்களை பேக்கப் எடுக்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இயங்கும் சிறிய புரோகிராம் எழுதித் தந்தேன். 412 ஃபைல் பெயர்கள் திரையில் ஓடி மறைந்தன. கடைசியில் "முடிந்தது" என்று வந்தது. நம்பி ஒரிஜினல்களை அழித்துவிட்டார். நடுவே ஓடிய 3 பிழைச் செய்திகளை யார் கவனிப்பார்கள்? அக்காவின் திருமணப் படங்கள் மூன்று போயின. தவறு என்னுடையதுதான்.

இப்போது ஃபைல் பெயர்கள் ஓடுவதில்லை. "409 காப்பி ஆயின, 3 ஆகவில்லை. ஒரிஜினலை அழிக்க வேண்டாம்" என்று வரும், அதன் கீழே அந்த மூன்றின் பெயரும் காரணமும். பிழைகளை ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வழியில் அனுப்புகிறேன். கட்டளையின் இறுதியில் 2> என டைப் செய்து ஒரு ஃபைல் பெயர் தந்தால், பிழைகள் மட்டும் அதில் சேரும்.

விண்டோஸின் ரோபோகாப்பி பயன்படுத்துகிறீர்களா? முடிவில் வரும் அட்டவணையில் 'ஃபெயில்டு' என்ற காலத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் மட்டுமே ஒரிஜினலில் கை வையுங்கள்.