கரையும் முடிச்சு

பிறந்த குழந்தையின் கருவிழி, அதாவது கண்ணின் முன்புறம் உள்ள தெளிந்த படலம், குறுக்களவில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு வயதுக்குள் அது 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் கண் மருத்துவர் உஷாராகிவிடுவார். வீட்டிலோ, பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கண் என்று பூரித்து மை தீட்டுவார்கள். அந்தப் பிள்ளை வெளிச்சத்தைக் கண்டு முகத்தைத் திருப்பினால், ஓயாமல் கண்ணீர் வடித்தால், கருவிழி மங்கலாகத் தெரிந்தால், குளுக்கோமா எனும் கண்நீர் அழுத்த நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கிறது. அழுதால் வரும் கண்ணீர் வேறு, இது வேறு. ஒரு சொட்டு சேரவே 20 நிமிடம் ஆகும். இரத்தக் குழாய் இல்லாத கருவிழிக்கும் லென்ஸுக்கும் ஊட்டம் தருவது இதுதான். நாஞ்சில் நாட்டுக் குளங்களில் நீர் வர வரத்துக்கால் இருந்தால், மிஞ்சியது வெளியேற மறுகாலும் இருக்கும்; கண்ணிலும் அப்படியே. கருவிழியின் ஓரத்தில் வலைத்திசு என்ற நுண்சல்லடை, அதன் பின்னால் கண்ணைச் சுற்றி ஓடும் ஷ்லெம் கால்வாய். அதன் அகலம் கால் மில்லிமீட்டர் அளவுதான். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே இந்த வழி சரியாக உருவாவதில்லை. நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. இளங்கண்ணின் சுவர் இளகியது என்பதால் கண்ணே விரிகிறது. உள்ளே பார்வை நரம்பின் 10 லட்சம் இழைகள் நசுங்கத் தொடங்குகின்றன.

பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் தோன்றும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் ஊர்களில் அது கூடுதலாகத் தெரிவது இதனால்தான். மேலை நாடுகளில் 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவு. ஆந்திராவில் நடந்த ஆய்வில் 3,300-க்கு ஒன்று.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே முதல் துணை. குழந்தைக்குப் பிறவியிலேயே வழி அடைபட்டிருப்பதால் கத்திதான் முதல் மருந்து. அடைபட்ட மூலையை நேராகப் பார்க்கவும் முடியாது. அங்கிருந்து வரும் ஒளி கருவிழியில் பட்டு உள்ளுக்கே திரும்பிவிடும். சான் பிரான்சிஸ்கோவின் ஓட்டோ பார்க்கன் 1938-இல் கருவிழிமேல் ஒரு தனி லென்ஸை வைத்து அந்த ஒளியை வெளியே கொண்டுவந்தார். எதிர்ப்புறத்திலிருந்து நுழைத்த மெல்லிய கத்தியால், கண்ணால் பார்த்தபடியே அடைப்பைக் கீறினார்.

கருவிழி மங்கியிருந்தால் அந்த லென்ஸால் பயனில்லை. நம் நாட்டுக் குழந்தைகள் பலரும் கருவிழி மங்கிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். 1960-இல் பூரியனும் ரெட்மண்ட் ஸ்மித்தும் தனித்தனியே வேறு வழி கண்டார்கள். வெளியிலிருந்தே ஷ்லெம் கால்வாயைத் தேடிப் பிடித்து, அதற்குள் மெல்லிய கம்பியையோ இழையையோ செலுத்தி, உட்சுவரைக் கிழித்துத் திறந்தார்கள். ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையின் அனில் குமார் மண்டல், வெள்விழியில் புது வடிகால் அமைக்கும் அறுவையையும் இதனுடன் சேர்த்து ஒரே அமர்வில் செய்து பெயர்பெற்றார். 2003-இல் பட்நாகர் விருது அவரைத் தேடி வந்தது.

இங்கே ஒரு வினோதமான எதிரி குறுக்கிடுகிறது. குழந்தையின் உடலில் புண் மளமளவென்று ஆறிவிடும். மருத்துவர் திறந்த வழியையும் உடல் புண்ணாகவே எண்ணித் தழும்பால் மூடிவிடும். முதல் அறுவைகள் பலிக்காத கண்களுக்கு மதுரையில் ஒரு கருவி தயாராகிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புக் கிளையான ஆரோலேப் 2013-இல் வெளியிட்ட 'ஆடி' அது. 350 சதுர மில்லிமீட்டர் சிலிகான் தகடு, அதிலிருந்து நீளும் ஒரு மெல்லிய குழாய். வெளிநாட்டுக் கருவியின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. தகட்டைக் கண் தசைகளுக்கு அடியில் செருகி, குழாயின் நுனியைக் கண்ணுக்குள் விடுவார்கள். குழாய் வெளியே துருத்தாதிருக்க, தானமாக வந்த கண்ணின் திசுவை மேலே போர்த்தித் தைப்பதும் உண்டு.

இந்தக் குழாயில் வால்வு கிடையாது. அப்படியே விட்டால் நீர் மொத்தமாக வடிந்து கண் தொய்ந்துவிடும். அதனால் குழாயைத் தானே கரையும் நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். முடிச்சு கரைய ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் தகட்டைச் சுற்றி உடல் ஒரு தழும்புச் சுவரை எழுப்பிவிடுகிறது. முடிச்சு அவிழ்ந்ததும் பாயும் நீர் அந்தச் சுவர் வழியே மெல்லக் கசிந்துதான் வெளியேற முடியும். வழியை மூடிக் கெடுத்த அதே தழும்பு, இங்கே நீரை அளந்து விடும் வால்வாகிறது!

இன்னொரு வியப்பும் உண்டு. அழுத்தத்தால் பார்வை நரம்பின் தலையில் விழுந்த குழி, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். குழந்தைக்கு உரிய காலத்தில் அழுத்தம் தணிந்தால் அந்தக் குழி சுருங்கும், இளந்திசு மீண்டெழுகிறது. செத்துப்போன இழைகள் மட்டும் திரும்புவதில்லை. நாஞ்சில் நாட்டினர் சிகிச்சைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை; நாகர்கோவிலிலிருந்து 80 கிலோமீட்டர் தூரத்தில், திருநெல்வேலியில், 1988 முதல் அரவிந்த் மருத்துவமனை இயங்குகிறது. அறுவைக்குப் பின் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடி மற்றக் கண்ணைப் பழக்கும் பயிற்சியும் தேவைப்படலாம்; ஆயுள் முழுக்கப் பரிசோதனை கட்டாயம் தேவை. வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருந்தால், அடுத்து பிறக்கும் பிள்ளையின் கண்ணை முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.